ஒரு பூஞ்சைக்குப் பெயரேடு: கேண்டிடா மரபணுத் தரவுத்தளம் உருவான கதை



நுண்ணுயிர்கள் பாடம் நடத்தும்போது வழக்கமாக என்ன செய்வோம்? ரொட்டித் துண்டு ஒன்றில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, வகுப்பின் ஓரத்தில் வைத்துவிடுவோம். சில நாளில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை படரும். மாணவர்கள் "ச்சீ!" என்று முகம் சுளிப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு பிள்ளை மட்டும் கேட்கும்: "டீச்சர், இது நம்ம வாயில வருமா?"

நல்ல கேள்வி. ரொட்டியில் படர்ந்தது வாயில் வராது. ஆனால் நம் வாயிலேயே குடியிருக்கும் பூஞ்சை ஒன்று உண்டு. அந்தப் பூஞ்சையின் மரபணுக்களை யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கும்படி அறிவியலாளர்கள் ஒரு தரவுத்தளம் கட்டியிருக்கிறார்கள். எப்படிக் கட்டினார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம். அறிவியல் ஆசிரியருக்கு மட்டும் உரிய செய்தி என்று தாண்டிப் போய்விடாதீர்கள். மொழி ஆசிரியருக்கும் இதில் வேலை இருக்கிறது.

நம்மோடு வாழும் பூஞ்சை

அதன் பெயர் கேண்டிடா அல்பிகன்ஸ். நலமாக இருக்கும் பலருடைய வாயிலும் குடலிலும் இது சத்தமில்லாமல் வாழ்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி குறையும்போதுதான் வாலாட்டத் தொடங்கும். கைக்குழந்தைகளின் நாக்கில், துடைத்தாலும் எளிதில் போகாத வெள்ளைப் படலம் படியும் அல்லவா? அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அது சின்னத் தொல்லை. ஆனால் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும் நோயாளியின் இரத்தத்தில் இதே பூஞ்சை கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. உலகச் சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் 19 பூஞ்சைகள் அடங்கிய ஒரு பட்டியலை வெளியிட்டது. மிகவும் கவலைக்குரியவை என்ற முதல் பிரிவில் நான்கு பூஞ்சைகள் உள்ளன. கேண்டிடா அல்பிகன்ஸ் அந்த நான்கில் ஒன்று.

மருந்து கொடுத்தால் சரியாகிவிடாதா? அங்கேதான் சிக்கல். பாக்டீரியாவின் உயிரணு நம் உயிரணுவிலிருந்து வெகுவாக வேறுபட்டது. ஆகவே அதை மட்டும் தாக்கும் மருந்தைக் கண்டுபிடிப்பது ஓரளவு எளிது. பூஞ்சையின் உயிரணு அப்படியில்லை. நம்முடையதைப் போலவே உட்கரு கொண்டது. வேலை செய்யும் முறையும் பல இடங்களில் நம்மைப் போலத்தான். பூஞ்சைக்கு வைக்கும் நஞ்சு நமக்கும் நஞ்சாகிவிடலாம். எனவே அதனிடம் இருந்து நம்மிடம் இல்லாதது எது என்று தேட வேண்டும். அதைத் தேடும் இடம்தான் அதன் ஜீனோம், அதாவது முழு மரபணுத் தொகுதி.

எழுத்து கிடைத்தது, புத்தகம் கிடைக்கவில்லை

ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் கேண்டிடா வகைக்கு எஸ்சி5314 என்று பெயர். அதன் டி.என்.ஏ. வரிசையை அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரபணுத் தொழில்நுட்ப மையம் படித்தெடுத்தது. அது 2004இல் வெளியானது. ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள், ஏறக்குறைய ஒன்றரைக் கோடி தடவை. அவ்வளவுதான். எங்கே ஒரு மரபணு தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அது என்ன வேலை செய்கிறது என்று அந்த எழுத்துகள் தாமாகச் சொல்வதில்லை.

தமிழாசிரியர்களுக்கு இது புதிதல்ல. ஓலைச்சுவடியில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்காது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எழுத்து கண்முன்னே இருந்தாலும் நூல் கைக்கு வராது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல சுவடிகளைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடபேதம் பார்த்துத்தான் நூலாக்கினார். கேண்டிடாவுக்கும் அப்படிப்பட்ட பதிப்பாசிரியர்கள் தேவைப்பட்டார்கள்.

பாடபேதம் என்றேனே, அது இங்கேயும் உண்டு. கேண்டிடாவுக்கு எட்டு இணைக் குரோமோசோம்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. இரண்டு பிரதிகளும் அச்சு அசலாக ஒன்றல்ல. சராசரியாக 237 எழுத்துக்கு ஓர் இடத்தில் வேறுபடுகின்றன. கணினி குழம்பிப்போனது. ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகளும் சில இடங்களில் இரண்டு தனி மரபணுக்கள் போல வெவ்வேறு எண்களோடு பதிவாகின. 2004இல் வெளியான தொகுப்பு 400க்கும் மேற்பட்ட துண்டுகளாகத்தான் இருந்தது. 2007இல் அவை எட்டுக் குரோமோசோம்களாக ஒட்டப்பட்டன. இரண்டு பிரதிகளையும் தனித்தனியே பிரித்துக் காட்டும் பதிப்பு 2013இல்தான் வந்தது.

நடுவில் 2005இல் இன்னொரு வேலை நடந்தது. கணினி தானாகக் குறித்த மரபணுக்களை உலகெங்கும் உள்ள கேண்டிடா ஆய்வாளர்கள் பங்குபோட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கண்ணால் சரிபார்த்தார்கள். முடிவில் 6,354 மரபணுக்கள் முறையாக விவரிக்கப்பட்டன. அவற்றில் 246 மரபணுக்களின் பழைய பதிவில் பிழையோ மாற்றமோ இருந்து, வாசிப்பையே திசைதிருப்பி இருந்தது தெரியவந்தது. யாரும் உட்கார்ந்து பார்க்காமல் விட்டிருந்தால் அந்த 246ஐயும் நம்பி எத்தனை பேர் ஆய்வு செய்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

ஒரே சொல், வேறு பொருள்

இந்தப் பூஞ்சையிடம் இன்னொரு குறும்பு இருக்கிறது. டி.என்.ஏ. எழுத்துகளை உயிரணு மூன்று மூன்றாகச் சேர்த்துப் படிக்கும். பெரும்பாலான மூன்றெழுத்துச் சொற்கள் ஒவ்வொன்றும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். சிடிஜி என்ற சொல்லை மனிதர், மாடு, மாமரம், ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்ட் எல்லாமே "லூசின்" என்றுதான் படிக்கின்றன. கேண்டிடா அல்பிகன்ஸ் மட்டும் அதைப் பெரும்பாலும் "செரீன்" என்று படிக்கிறது! இந்த விசித்திரத்தை 1989இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதன் உறவுப் பூஞ்சை ஒன்றில் முதலில் கண்டார்கள். பிறகு அல்பிகன்ஸும் அப்படியே என்று தெரிந்தது.

நாம் "ரொட்டி" என்றால் கடையில் விற்கும் வெட்டிய ரொட்டிதான் நினைவுக்கு வரும். இலங்கைத் தமிழருக்கு அது பாண். அவர் "ரொட்டி" என்றால் கல்லில் தட்டிச் சுட்டது. சொல் ஒன்று, கைக்கு வருவது வேறு. அப்படித்தான் இதுவும்.

இதனால் என்ன நட்டம்? கேண்டிடாவின் மரபணு ஒன்றை ஆய்வுக்காகப் பாக்டீரியாவுக்குள் வைத்தால், பாக்டீரியா தன் அகராதிப்படி படித்து வேறு புரதத்தைச் செய்துவிடும். எதிர்ப்பக்கமும் அப்படித்தான். ஜெல்லி மீனிடமிருந்து எடுத்த, பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை உயிரணுவுக்குள் விளக்கு வைப்பதுபோல ஆய்வாளர்கள் பயன்படுத்துவார்கள். கேண்டிடாவில் அது சரியாக வேலை செய்ய, அந்த மூன்றெழுத்தை மாற்றி, பூஞ்சைக்கு ஏற்றபடி மரபணுவைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. ஆகவே தரவுத்தளம் கட்டுபவர் முதலில் எந்த அகராதிப்படி மொழிபெயர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும். குறியீட்டு அட்டவணைகளில் கேண்டிடா போன்றவற்றுக்கு எண் 12. அந்த எண்ணைக் கவனிக்காமல் விட்டால் ஆயிரக்கணக்கான புரதங்கள் எழுத்துப்பிழையோடு உலகம் முழுக்கப் போய்ச் சேரும்.

வீட்டுப் பெயரும் அடையாள அட்டை எண்ணும்

2004இல் ஸ்டான்ஃபர்டில் கேவின் ஷெர்லாக் குழுவினர் கேண்டிடா மரபணுத் தரவுத்தளத்தைத் தொடங்கினார்கள். பணம் தந்தது அமெரிக்க அரசின் பல், வாய், முக ஆராய்ச்சி நிறுவனம். பல் ஆராய்ச்சிக்கும் பூஞ்சைக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள். வாயில்தானே அது குடியிருக்கிறது!

அவர்கள் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்கவில்லை. ரொட்டி ஈஸ்டின் மரபணுத் தொகுதி 1996இலேயே முழுதாகப் படிக்கப்பட்டுவிட்டது. அதற்கான தரவுத்தளமும் ஸ்டான்ஃபர்டிலேயே இருந்தது. அதன் மென்பொருளையும் வேலைமுறையையும் எடுத்துக்கொண்டு கேண்டிடாவுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். நல்ல பாடத்திட்டம் ஒன்று கையில் இருந்தால் நாமும் அதைத்தானே செய்வோம்?

அடுத்த தலைவலி பெயர். ஒருவரை வீட்டில் "குட்டி" என்போம், பள்ளியில் "குமரன்" என்போம், அடையாள அட்டையில் இன்னும் நீளமாக ஒன்று இருக்கும். மரபணுவும் அப்படித்தான். ஈஆர்ஜி11 என்ற மரபணுவைச் சிலர் ஈஆர்ஜி16 என்றார்கள். சிலர் சிஒய்பி51 என்றார்கள். மூன்றும் ஒன்றே என்று தெரியாதவர் ஒரு பெயரில் மட்டும் தேடினால் மற்றக் கட்டுரைகள் கண்ணிலேயே படாது. ஆகவே தரவுத்தளம் ஒரு பெயரை முதன்மையாக வைத்து, மற்றவற்றை மாற்றுப்பெயர்களாக அதே பக்கத்தில் சேர்த்தது. எதைத் தட்டினாலும் ஒரே வீட்டுக்குத்தான் போவீர்கள்.

அதோடு ஒவ்வொன்றுக்கும் அடையாள எண்ணும் உண்டு. ஈஆர்ஜி11இன் பழைய எண் ஓஆர்எஃப்19.922. புதிய எண் சி5_00660சி_ஏ. மிரளாதீங்க, முகவரி போலப் படித்தால் புரிந்துவிடும்: 5ஆம் குரோமோசோம், அதில் 00660 என்ற வரிசை இடம், டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளில் "சி" எனப்படும் இழை, இரண்டு பிரதிகளில் "ஏ" பிரதி. பழைய எண்ணை அழித்துவிடவில்லை. பத்தாண்டுக்கு முன்பு எழுதிய கட்டுரையைப் படிப்பவருக்கும் வழி தெரிய வேண்டுமே.

இந்த ஈஆர்ஜி11 சாதாரண ஆளில்லை. நம் உயிரணுவின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும்; பூஞ்சையின் சவ்வில் அதற்குப் பதிலாக எர்கோஸ்டெரால் இருக்கும். அதைச் செய்ய உதவும் நொதியை உருவாக்குவது இந்த மரபணுதான். ஃபுளூகோனசோல் என்ற மருந்து அந்த நொதியைத் தடுத்தே பூஞ்சையின் வளர்ச்சியை அடக்குகிறது. இந்த மரபணுவில் சில இடங்களில் எழுத்து மாறினால் மருந்து வேலை செய்யாமல் போகலாம். மருந்துக்கு அடங்காத நோயாளியிடமிருந்து எடுத்த பூஞ்சையை ஆராய்பவர், தான் காணும் மாற்றம் ஏற்கெனவே ஆராயப்பட்டதா என்று தேட வேண்டியிருக்கும். பெயர்க் குழப்பம் அந்த இடத்தில் வெறும் ஏட்டுக் குழப்பமாக இருக்காது.

"யார் சொன்னது? எப்படித் தெரியும்?"

சரி, எழுத்தும் பெயரும் வந்தாச்சு. இந்த மரபணு என்ன செய்கிறது என்று எழுதுவது யார்? அதற்கென்றே தொகுப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். உயிரியல் படித்த இவர்களின் அன்றாட வேலை, புதிதாக வரும் ஆய்வுக்கட்டுரைகளைப் படிப்பது; எந்த மரபணுவைப் பற்றி என்ன நிரூபிக்கப்பட்டது என்று பிரித்தெடுப்பது; அதைச் சுருக்கமாக எழுதி, கட்டுரையோடு இணைப்பது.

எழுதும்போது ஆளுக்கொரு சொல்லைப் பயன்படுத்தினால் தேட முடியாது. ஈ, எலி, ஈஸ்ட் ஆகியவற்றின் தரவுத்தளக்காரர்கள் 1998இல் கூடி ஒரு பொதுச் சொற்களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். கேண்டிடாவும் அதையே பின்பற்றியது. நாம் கலைச்சொல் பட்டியல் வைத்துக்கொள்வது போலத்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் சான்றுக் குறியீடு இருக்கும். நேரடியாகச் சோதித்து அறிந்ததா? மரபணுவைச் சிதைத்துப் பார்த்து, விளைவைக் கண்டு சொன்னதா? வேறோர் உயிரின் மரபணுவோடு ஒத்திருப்பதால் சொன்னதா? அல்லது யாரும் பார்க்காமல் கணினி மட்டும் ஊகித்ததா? நான்கும் ஒரே எடை உள்ளவை அல்ல. தரவுத்தளம் அவற்றைக் கலக்காமல், எது எந்த வகை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. மரபணுக்களையும் "உறுதி செய்யப்பட்டது", "இன்னும் விளக்கப்படாதது", "ஐயத்துக்குரியது" என்று பிரித்திருக்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்டவை இன்னும் இரண்டாம் பிரிவில்தான் இருக்கின்றன. "தெரியாது" என்று எழுதி வைக்க வெட்கப்படவில்லை.

அப்படி எழுதி வைப்பதால் என்ன பயன்? ஈசிஇ1 என்ற மரபணுவைப் பாருங்கள். பூஞ்சை உருண்டை வடிவத்திலிருந்து நீண்ட இழையாக மாறும்போது இது மும்முரமாக வேலை செய்கிறது என்று 1993லேயே கண்டார்கள். ஆனால் அதை நீக்கினாலும் பூஞ்சை இழையாக வளரத்தான் செய்தது. அப்படியானால் இதன் வேலைதான் என்ன? இருபது ஆண்டுக்கும் மேலாக விடை இல்லை. 2016இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்த பிற நாட்டினரும் கண்டுபிடித்தார்கள்: அது செய்யும் புரதம் துண்டுகளாக வெட்டப்படுகிறது, அவற்றில் 31 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு நம் உயிரணுவைத் துளைக்கும் நஞ்சு! மனிதரைத் தாக்கும் பூஞ்சை ஒன்றில் இப்படிப்பட்ட புரத நஞ்சு கண்டறியப்பட்டது அதுவே முதல்முறை. அதற்குக் கேண்டிடாலைசின் என்று பெயர் வைத்தார்கள்.

கட்டி முடித்தால் போதுமா?

போதாது. வாரந்தோறும் புதுக் கட்டுரை வருகிறது, பழைய கூற்று தவறாகிறது, பெயர் மாறுகிறது. கேண்டிடா தரவுத்தளத்தின் அதே கட்டமைப்பில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை இனத்துக்கும் ஸ்டான்ஃபர்டில் ஒரு தரவுத்தளம் கட்டினார்கள். நிதியுதவி நின்றது, தொகுப்பாசிரியர் வேலையும் நின்றது. பக்கங்கள் இருந்தும் புதுச் செய்தி ஏறவில்லை. எழுத்து வரிசையைப் படிக்கும் இயந்திரம் வாங்கப் பணம் கேட்டால் கிடைத்துவிடும். ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து படித்துத் தொகுக்கும் ஆளுக்குச் சம்பளம் கேட்டால்தான் கை சுருங்கும்.

நம் நாட்டிலும் இந்த முயற்சி உண்டு. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருநிறப் பூஞ்சைகளின் மரபணுத் தொகுதிகளுக்காக டெமாடிபி என்ற தரவுத்தளத்தை உருவாக்கி 2016இல் அறிவித்தார்கள். பெரிய நாடுகள் கவனிக்காத பூஞ்சைகளை, அவை காணப்படும் ஊர்க்காரர்கள்தானே கவனிக்க வேண்டும்?

வகுப்பறைக்கு ஒரு சின்ன முயற்சி

இதை மாணவர்களோடு செய்து பார்க்கலாம். ரொட்டிப் பூஞ்சைச் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். பையைக் கண்டிப்பாகத் திறக்கக் கூடாது. முடிந்ததும் கட்டியபடியே குப்பையில் போட்டுவிட வேண்டும். ஒவ்வொரு குழுவும் ஓர் அட்டை எழுதட்டும்: மாதிரி எண், இடம், நாள், பார்த்தது என்ன, பதிந்தவர் யார். கடைசியில் ஒரு கட்டம்: "எப்படித் தெரியும்?" அதில் "நானே பார்த்தேன்", "நண்பன் சொன்னான்", "புத்தகத்தில் படித்தேன்", "ஊகம்" என்ற நான்கில் ஒன்றைக் குறிக்க வேண்டும். பிறகு குழுக்கள் அட்டைகளை மாற்றிக்கொண்டு சரிபார்க்கட்டும். ஒரு குழு "பச்சை" என்றும் இன்னொரு குழு "நீலம் கலந்த பச்சை" என்றும் எழுதியிருக்கும். எந்தச் சொல்லை வைத்துக்கொள்வது என்று பிள்ளைகளே பேசி முடிவெடுக்கட்டும். அந்தப் பேச்சுதான் பாடம். மொழிப் பாடமும் அதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஆசிரியர் குழுக்களில் நாள்தோறும் பயிற்சித்தாள்கள் வந்து விழுகின்றன. யார் தயாரித்தது, எந்த ஆண்டுப் பாடத்திட்டத்துக்கு, யார் சரிபார்த்தது என்ற விவரம் பலவற்றில் இல்லை. ஒருமுறை நானே அப்படி வந்த தாள் ஒன்றை அப்படியே அச்செடுத்துக் கொடுத்து, விடையில் இருந்த பிழையை மாணவி சுட்டிக்காட்டிய பிறகுதான் கவனித்தேன். பூஞ்சைக்கு ஒரு பெயரேடு எழுதுபவர்கள் ஒவ்வொரு வரிக்கும் சான்று வைக்கிறார்கள். நாம் பகிரும் தாளின் அடியில் பெயர், நாள், மூலம் என்று மூன்று வரி சேர்க்க ஒரு நிமிடம் ஆகுமா? இந்த மாதம் நீங்கள் அனுப்பும் முதல் தாளிலிருந்தே தொடங்கலாம்.

செய்து பார்த்துவிட்டு உங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள்.